அது அடுப்புத் தீ அல்ல

ஓடுகிறோம். காலை எட்டு மணி இருபத்து நான்கு நிமிடம். கிழக்கே ஓடுகிறோம். தீயும் கிழக்கேதான் வருகிறது.

மூங்கில் வெடிக்கிறது. கணுவுக்குக் கணு வெடிக்கிறது. டப். டப். ஒரு நொடி சத்தமில்லை. மறுபடி டப். கரும்புச் சோகை எரிகிற சத்தம் வேறு. மழை பெய்வது போல இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டால் நல்ல மழை.

"ஏரிக்கு ஓடுங்க! ஏரிக்கு ஓடுங்க!"

"ஆட்ட அவுத்து வுடுங்கடா!"

"அடுத்த கூரைய அத்துத் தள்ளு! ஜல்தி! அத்துத் தள்ளு!"

ஏரியில் தண்ணீர் இல்லை. ஆடி மாதம். வெடித்த மண்தான் கிடக்கிறது. எரிய அங்கே ஒன்றும் இல்லை. அதனால் ஓடுகிறோம். என் கையில் ஒரு கடிகாரம். கல்லூரி நண்பனிடம் இரவல் வாங்கியது. அதனால்தான் நேரம் தெரியும். அன்று நடந்தது எல்லாமே நிமிடக் கணக்கோடு எனக்குத் தெரியும்.

1985, ஆகஸ்ட் 6. செவ்வாய்க்கிழமை.

என் பெயர் கதிர்வேல். அப்போது வயது பத்தொன்பது. விழுப்புரத்தில் பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். எங்கள் காலனி திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் போகிற பாதையில் இருக்கிறது. மேற்கே ரோடு, கிழக்கே ஏரி. நடுவில் ஒரே தெரு. வடக்கு வரிசை, தெற்கு வரிசை. மொத்தம் முப்பத்தோரு வீடு. எல்லாம் கரும்புச் சோகைக் கூரை, காய்ந்த கரும்புத் தோகை வேய்ந்தது.

அந்தத் தீக்குக் காரணம் "சமையல் அடுப்பு" என்று விசாரணைத் தாளில் எழுதியிருக்கிறது. கீழே என் அம்மாவின் கைநாட்டு இருக்கிறது. காரணம் அடுப்பு இல்லை. அம்மாவும் இல்லை. இதை எழுத எனக்கு இரண்டு வருடம் ஆகியிருக்கிறது.

முதலில் எங்கள் தெருவின் கட்டுப்பாட்டைச் சொல்ல வேண்டும். ஆடி பிறந்தால் காலை எட்டு மணிக்குள் சமையல் முடிய வேண்டும். எட்டுக்கு அடுப்பை அணைக்க வேண்டும். சாம்பலை அள்ளி, தண்ணீர் விட்டுக் குழைத்து, வாசலில் கொட்டி வைக்க வேண்டும். வாசலில் ஈரச் சாம்பல் இருந்தால் அந்த வீட்டில் நெருப்பு இல்லை என்று அர்த்தம். பொழுது சாய்ந்து காற்று விழுந்த பிறகுதான் மறுபடி அடுப்பு. நடுவில் பீடி பிடிக்க வேண்டும் என்றால்கூட ஏரிக்குள் இறங்கிப் போக வேண்டும்.

இதைப் பார்த்துக்கொள்ள வாரம் ஒரு வீட்டுக்கு முறை. முறைக்காரி எட்டு மணிக்குக் கிளம்பி வாசல் வாசலாகப் போவாள். சாம்பலுக்குள் கையை விட்டுப் பார்ப்பாள். சூடு இருந்தால் அங்கேயே நின்று திட்டுவாள். அந்த வாரம் எங்கள் வீட்டு முறை. என் அம்மா பாக்கியம் திட்டினால் ரோட்டில் போகிற பஸ்ஸுக்குக் கேட்கும். நைனா அப்போது செங்கல் சூளை வேலைக்கு வெளியூர் போயிருந்தார். வீட்டில் அம்மாவும் நானும்தான்.

ஜூலையில் எங்கள் கல்லூரியில் படங்கள் வைத்தார்கள். ஹிரோஷிமாவில் அணுகுண்டு போட்டு நாற்பது வருடம் ஆகிறது என்று. நான் மூன்று தடவை போய்ப் பார்த்தேன். ஒரு கல் படிக்கட்டு. அதில் உட்கார்ந்திருந்த ஆள் இல்லை. ஆள் இருந்த இடத்தில் கறுப்பு மட்டும் இருக்கிறது. ஒரு பையனின் சாப்பாட்டுப் பெட்டி. உள்ளே சோறு கரியாகிக் கிடக்கிறது. எட்டேகாலுக்கு நின்றுபோன ஒரு கடிகாரம். மூன்றாம் தடவை போனபோது கடைசி பஸ்ஸைத் தவறவிட்டேன். செத்தவர்களுக்காக அங்கே காகிதக் கூட்டில் விளக்கு ஏற்றி ஆற்றில் விடுவார்கள் என்று ஒரு பத்திரிகையில் படித்தேன். அது பொழுது சாய்ந்த பிறகு செய்கிற காரியம். அதிலும் அப்படித்தான் போட்டிருந்திருக்கும். நான் கவனிக்கவில்லை. என் மண்டைக்குள் எட்டேகாலும் விளக்கும் ஒன்றாகிவிட்டன.

எங்கள் ஜனத்துக்கும் இது தெரிய வேண்டும் என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சார்ட் எழுதிக்கொண்டு போய்த் தெருவில் நின்றேன்.

ஏழுமலை அண்ணன் வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். கிணறு வெட்டுகிற ஆள். ஆனி மாதம் தூர் எடுக்கும்போது விழுந்து வலது கால் முறிந்துவிட்டது. தொடையிலிருந்து கணுக்கால் வரைக்கும் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. பொழுது போகாமல் தெருவில் போகிற வருகிறவர்களை எல்லாம் வம்புக்கு இழுப்பார்.

"தோ வந்துட்டான்டா ஜப்பான்காரன். டேய் ஜப்பான், இன்னாடா அது, சினிமா நோட்டீஸா?"

"குண்டு போட்டது பத்திண்ணா. ஒரே குண்டு. ஒரே ஊரு. லட்சம் பேருக்கு மேல."

"லட்சமா? நம்ம திண்டிவனத்துல எத்தினி பேரு இருப்பாங்க?"

"அவ்ளோ இல்லண்ணா."

"அப்ப திண்டிவனம் மொத்தமும் செத்தாக்கூட பத்தாது." சார்ட்டை வாங்கிப் பார்த்தார். "மேலருந்து போட்டான் சரி. கீழ இருந்தவன் இன்னா பண்ணிக்கினு இருந்தான்?"

"ஒண்ணும் இல்லண்ணா. சமைச்சிக்கினு இருந்தாங்க. ஸ்கூலுக்குப் போய்க்கினு இருந்தாங்க."

எதிர்வீட்டு அஞ்சலை அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "அங்கயும் நம்ம மாதிரி சோகைக் கூரையா தம்பி?"

"மர வீடுக்கா. கதவெல்லாம் பேப்பரு."

"பேப்பர் கதவா! அப்ப எரியாம இன்னா பண்ணும்? மிச்சம் இருந்தவங்களுக்கு யாரு கஞ்சி ஊத்துனாங்க?"

என் சார்ட்டில் அது இல்லை.

ஆகஸ்ட் ஆறாம் தேதி காலை எட்டேகாலுக்குத் தெருவில் விளக்கு வைக்க அம்மாவிடம் அனுமதி கேட்டேன். அன்றைக்கு முறைக்காரி அவள்தானே. எட்டு மணிக்கு மேல் தெருவில் நெருப்பு என்றால் அவள் சரி என்று சொல்ல வேண்டும்.

"ஆடியிலயா? பேஜாரு புடிச்சவனே, போய் உன் காலேஜ்ல வெச்சிக்கோ."

மூன்று நாள் கேட்டேன். அரை மணி நேரம்மா என்றேன். நானே பக்கத்தில் நிற்கிறேன், நானே அணைக்கிறேன் என்றேன். சார்ட்டைப் படித்துக் காட்டினேன். நான்காம் நாள் இறங்கி வந்தாள்.

"அத்தினி பேரு செத்தாங்கன்ற. வெளக்கு வெக்கறது ஒண்ணும் பாவம் இல்ல. பத்து மணிக்கு முன்ன காத்து வராது. அரை மணிதான்டா. அதுக்கு மேல ஒரு நொடி கெடையாது."

தெருவுக்கும் அவளே போய்ச் சொன்னாள். படிச்ச புள்ள ஆசையா கேக்குது, அரை மணி பொறுத்துக்கோங்க என்று. யாரும் மறுத்துப் பேசவில்லை. என் பேச்சை நம்பி இல்லை. அம்மா சொன்னாள் என்று.

ஆறாம் தேதி. விடியற்காலை ஐந்தரைக்கு எல்லா அடுப்பும் எரிந்தது. எட்டு மணிக்கு எல்லா அடுப்பும் அணைந்தது. அம்மா வாசல் வாசலாகப் போனாள். முப்பத்தோரு வாசலிலும் ஈரச் சாம்பல். முப்பத்தொன்றிலும் கையை விட்டுப் பார்த்தாள். நான் பின்னாலேயே போனேன். நான் சாட்சி. ஒன்றில்கூடச் சூடு இல்லை.

ஆடிச் செவ்வாய் என்பதால் வீட்டுக்கு வீடு கூழ்ப்பானை தயாராக இருந்தது. விளக்கு முடிந்ததும் மாரியம்மன் கோயிலுக்கு எடுத்துப் போவதாக இருந்தார்கள்.

தெருவின் மேற்கு முனையில், ரோட்டை ஒட்டின வேப்பமரத்தடியில், நாற்பது அகல் வைத்தேன். வருடத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் சுற்றிக் காகிதக் கூடு. ரோட்டில் போகிறவர்களும் பார்க்க வேண்டும் என்று அந்த இடத்தைப் பிடித்தேன். ஆடிக் காற்று மேற்கிலிருந்து வரும். எங்கள் தெருவில் பால் மறக்காத பிள்ளைக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும்.

எல்லோரும் வர வேண்டும் என்று வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன்.

அஞ்சலை அக்கா, "கொயந்த இப்பதான் தூங்குது தம்பி, நான் வரலப்பா" என்றாள். பிள்ளை தூளியில் கிடந்தது. "ரெண்டே நிமிஷம்க்கா, எழுந்துக்கறதுக்குள்ள வந்துடலாம்" என்றேன். வந்தாள்.

ஏழுமலை அண்ணன் கட்டிலிலிருந்து கத்தினார். "டேய், என்னையும் தூக்கிக்கினு போங்கடா. நானும் ஜப்பானுக்கு வரேன்." கட்டிலைத் தூக்க நாலு பேர் வேண்டும். மணி எட்டு பன்னிரண்டு. "எட்டேகால் ஆயிடும்ணா, முடிச்சிட்டு வந்து தூக்கறோம்" என்றேன். "போடா, உன் எட்டேகாலு" என்று சிரித்தார்.

எட்டேகால். விளக்கு எல்லாம் ஏற்றியாகிவிட்டது. எல்லோரும் வேப்பமரத்தைப் பார்த்து நின்றார்கள். வீடுகள் அவர்கள் முதுகுக்குப் பின்னால். நானும் அம்மாவும் மட்டும் அவர்களைப் பார்த்து நின்றோம். தெரு முழுக்க எங்கள் இரண்டு பேர் கண்ணில்தான் இருந்தது. இரண்டு நிமிடம் மௌனம் என்று சொன்னேன். யாரும் பேசக் கூடாது, யாரும் அசையக் கூடாது, பின்னால் திரும்பக் கூடாது, என்ன ஆனாலும் நான் சொல்கிற வரைக்கும் நிற்க வேண்டும் என்றேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அஞ்சலியில் அசைந்தால் பிரம்படி.

நின்றார்கள். என் ஜனம் அவ்வளவு அமைதியாக நின்று நான் பார்த்ததில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

எட்டு பதினாறு. வேப்பமரம் சலசலத்தது. என் முதுகில் காற்று பட்டது. பத்து மணிக்கு வர வேண்டிய காற்று.

ஒரு கூடு பற்றிக்கொண்டது. நாற்பதில் ஒன்று. காகிதம் எரிந்தபடியே எழுந்தது. ஆள் உயரம். பிறகு கூரை உயரம். வடக்கு வரிசையில் முதல் வீட்டைத் தாண்டியது. இரண்டாம் வீட்டைத் தாண்டியது. மூன்றாம் கூரையில் இறங்கியது. அஞ்சலை அக்கா வீடு. சிவப்பு தெரியவில்லை. அணைந்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை. அணைந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது நொடி பாக்கி.

அம்மாவும் பார்த்துவிட்டாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். நான் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று. பஸ்ஸுக்குக் கேட்கிற மாதிரி திட்டுகிறவள். வாயை மூடிக்கொண்டாள்.

ஏழுமலை அண்ணன் கட்டிலிலிருந்து கத்தினார். "டேய் ஜப்பான்! கூரைடா! கூரை!"

யாரோ மூக்கால் சிரிப்பை அடக்கினார்கள். அவர் எப்போதும் செய்கிற கலாட்டா என்று நினைத்தார்கள். ஒருவரும் திரும்பவில்லை. நான் சொல்லியிருந்தேனே.

"கூரைடா! பாவிங்களா, கூரை!"

நாற்பது நொடி. சோகைக் கூரைக்கு ஆடிக் காற்றில் நாற்பது நொடி என்றால் என்ன என்பதை இப்போது யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. புகை வந்தது. முதலில் மஞ்சளாக. பிறகு கூரையின் நடு உள்ளே இறங்கியது. எட்டு பதினேழு. அப்போதுதான் நான் கத்தினேன்.

அஞ்சலை அக்கா ஓடினாள். எட்டு பதினெட்டுக்கு அவள் வாசலில் கூரை முன்புறமாகச் சரிந்தது. மூன்று பேர் அவளைப் பிடித்து இழுத்தார்கள். அவள் கடித்தாள். அவர்கள் விடவில்லை. எட்டு பத்தொன்பது. முதல் மூங்கில் வெடித்தது. நாலாம் வீடு, ஐந்தாம் வீடு. பொறி தெருவைத் தாண்டித் தெற்கு வரிசைக்குப் போனது. புகையில் எதிரில் நிற்கிற ஆள் தெரியவில்லை.

தெருவுக்கு ஒரே கிணறு. ஆடியில் அடியில்தான் தண்ணீர். ஒரு குடம் ஏறி வருவதற்குள் ஒரு வீடு போனது. பெண்கள் கூழ்ப்பானைகளைத் தூக்கி வந்து கூரையில் ஊற்றினார்கள். மாரியம்மனுக்கு வைத்த கேப்பைக் கூழ். அது சீறியது. பக்கத்துக் கொல்லைக்காரர் வந்து தன் நிலத்து மோட்டார் கொட்டகையைத் திறந்தார். சுவிட்சைப் போட்டார். மோட்டாருக்குக் கரண்ட் மத்தியானம்தான் வரும். அவர் சுவிட்சைத் திரும்பத் திரும்பத் தட்டினார். டக். டக். டக். அந்தச் சத்தம் இப்போதும் கேட்கிறது. அதன் பிறகுதான் ஏரிக்கு ஓடினோம்.

ஏழுமலையை யாரோ தூக்கி வந்திருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்தோம். ஒவ்வொருவரும் மற்றவர் தூக்கியிருப்பார் என்று நினைத்தோம். ஏரிக்குள் நின்று தலையை எண்ணினபோதுதான் தெரிந்தது.

ஒருவர் சைக்கிளில் திண்டிவனம் போனார். தீயணைப்பு வண்டி ஒன்பது முப்பத்தைந்துக்கு வந்தது. பத்தரைக்கு எங்களைத் தெருவுக்குள் விட்டார்கள். வேப்பமரத்தடியில் முப்பத்தொன்பது விளக்கு இருந்தது. எண்ணெய் தீர்ந்து அணைந்திருந்தது. கூடுகள் ஒன்றுகூடக் கருகவில்லை.

தெற்கு வரிசையில் ஏழுமலையின் கட்டில் சட்டம் கிடந்தது. அவர் அங்கே இல்லை. தெருவின் குறுக்கே, அஞ்சலை அக்கா வீட்டுக்குள், தூளி கட்டியிருந்த இடத்தில் இருந்தார். குப்புறக் கிடந்தார். அவருக்கு அடியில் பிள்ளை இருந்தது. முறிந்த காலோடு தெருவை எப்படித் தாண்டினார் என்று யாரும் பார்க்கவில்லை. ஜனம் திரும்பிப் பார்க்காமல் மறைத்து நின்ற, நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் கிளம்பியிருக்க வேண்டும். கத்திக்கொண்டே தவழ்ந்திருக்க வேண்டும்.

மத்தியானம் மூன்று மணிக்குப் பள்ளிக்கூடத்தில் விசாரணை. தாலுகா ஆபீசிலிருந்து வந்த அதிகாரி அதட்டிப் பேசவில்லை. நல்லவிதமாகத்தான் கேட்டார். "தீ எப்படிம்மா வந்துச்சு?"

நான் எழுந்தேன். எழுந்தேன் என்பது உண்மை. அம்மா என் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"அடுப்புங்க. இந்த வாரம் எங்க மொறை. நான்தான் சரியா பாக்கல."

அவர் எழுதினார். அம்மாவின் கட்டை விரலில் மை தடவினார். நான் உட்கார்ந்திருந்தேன். கையெழுத்துப் போடத் தெரிந்த ஒரே ஆள் நான். உட்கார்ந்தே இருந்தேன். முப்பது வீட்டு ஜனத்துக்கும் உண்மை தெரியும். ஒருவர்கூட அம்மாவை மறுத்துச் சொல்லவில்லை. தெருவில் படித்தவன் ஒருவன்தான், அவன் ஜெயிலுக்குப் போகக் கூடாது என்று நினைத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பதினாறாம் நாள் அஞ்சலை அக்காவிடம் போனேன். நான்தான் என்று போய்ச் சொல்லிவிடுகிறேன்க்கா என்றேன்.

"சொல்லு. சொன்னா எம் பொண்ணு எழுந்து வந்துடுமா?" என்றாள். பிறகு அவள் என்னோடு பேசியதில்லை.

ஒரு வருடம் கழித்துத் தாலுகா ஆபீசுக்குப் போய்ச் சொன்னேன். அந்தக் கோப்பு முடிந்துபோனது என்றார்கள். மறுபடி போனேன். கைநாட்டு வைத்தவளை அழைத்து வா என்றார்கள். அம்மா வரவில்லை. "போய் பரிட்சைக்குப் படி" என்றாள். நான் படிக்கவில்லை. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

தெரு மறுபடி எழுந்துவிட்டது. மறுபடி சோகைக் கூரைதான். ஆடி வந்தால் மறுபடி முறை. ஆனால் ஆறாம் வீட்டுக்கு அடுத்து எட்டாம் வீடு. ஏழாவது எங்கள் வீடு. யாரும் இதைப் பேசி முடிவு செய்யவில்லை. தானாக நடந்தது. முறைக்காரி எங்கள் வாசலுக்கு வருவாள். சாம்பலில் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கையை விட்டுப் பார்ப்பாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். இப்போது அவள் யாரையும் திட்டுவதில்லை.

இந்த வருடமும் ஆகஸ்ட் 6 அன்று விழுப்புரத்தில் கூட்டம் போட்டார்கள். என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். போனேன். மேடையில் செத்தவர்கள் எண்ணிக்கையை ஒருவர் வாசித்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். இரண்டு நிமிடம். என்னால் நிற்க முடியவில்லை. வெளியே வந்து ரோட்டில் உட்கார்ந்துகொண்டேன். லட்சம் என்று சார்ட்டில் எழுதினேனே, அதில் ஒருவருடைய பெயராவது எனக்குத் தெரியுமா என்று யோசித்தேன். ஒருவருடைய பெயரும் தெரியாது. அவர்களுக்கு நான் எழுத முடியாது. என் தெருவுக்கு எழுதுகிறேன். விசாரணைத் தாளில் இருக்கிற பட்டியல்தான் இது. தப்பாக இருந்ததைத் திருத்தியிருக்கிறேன். விட்டுப்போனதைச் சேர்த்திருக்கிறேன்.

வீடு இருபத்தேழு. மேற்கு முனையில் நாலு வீடு தப்பியது.

ஆடு பதினாலு. கட்டின கயிற்றோடு. கன்று ஒன்று.

விதைக்கு வைத்த மல்லாட்டை (வேர்க்கடலை), ஆறு வீட்டில்.

ரேஷன் கார்டு இருபத்தேழு.

என் அம்மா பாக்கியத்தின் முறை. தாளில் இல்லை. நான் சேர்த்தது.

காரணம்: நான் வைத்த விளக்கு. நான் காத்திருந்த நாற்பது நொடி.

உயிர் இரண்டு.

ஏழுமலை. வயது இருபத்தாறு. கிணறு வெட்டுகிறவர். "தப்பி ஓட இயலாமல்" என்று தாளில் எழுதியிருக்கிறது. அவர் எந்தப் பக்கம் போனார் என்று தெருவுக்குத் தெரியும். தீயை நோக்கி.

"பெண் குழந்தை ஒன்று" என்று தாளில் எழுதியிருக்கிறது. பெயர் எழுதவில்லை. பெயர் செல்வி. அஞ்சலையின் மகள். பதினான்கு மாதம். நடக்க ஆரம்பித்து ஒன்பது நாள்.